ராத்கோ ஓவியங்களில் அந்த ஒளி எங்கிருந்து வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மார்க் ராத்கோ தீட்டிய ‘எண் 14, 1960’ என்ற ஓவியம் இருக்கிறது. சுமார் 9.5 அடி உயரம், 9 அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். மேலே பெரிய ஆரஞ்சுப் பரப்பு, கீழே அடர்நீலத்தில் ஒரு பட்டை, இரண்டையும் சுற்றிக் கருஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த தளம். படத்தில் இருப்பது இவ்வளவுதான். ஆனாலும் அந்த ஆரஞ்சு உள்ளிருந்து எரிவது போல இருக்கும். எப்படி என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

முதலில், இந்த ராத்கோ யார்?

1903இல் ரஷ்யப் பேரரசில் இருந்த த்வின்ஸ்க் நகரில் (இன்று லாட்வியாவின் டௌகவ்பில்ஸ்) ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1913இல் அமெரிக்கா போனார். யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, படிப்பை முடிக்காமல் நியூயார்க் வந்து ஓவியரானார். தெருக்காட்சி, சுரங்க ரயில் நிலையம், புராண உருவங்கள் என்று பலவற்றையும் வரைந்துவிட்டு, 1949-50 வாக்கில்தான் நாம் இன்று ‘ராத்கோ’ என்று அடையாளம் சொல்லும் செவ்வகங்களுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 46. ஜாக்சன் பொல்லாக், டி கூனிங், பார்னெட் நியூமன் ஆகியோரோடு இவரையும் அருவ வெளிப்பாட்டியம் (உருவங்களை விட்டுவிட்டு நிறத்தாலும் தூரிகை வீச்சாலும் உணர்ச்சியைச் சொல்வது) என்ற தலைப்பின் கீழ் சேர்ப்பார்கள். அந்தத் தலைப்பு அவருக்குப் பிடிக்காது. 1970இல் இறந்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு வெளிச்சம் எப்படி?

பளிச்சென்ற நிறம் போட்டதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கடையில் கிடைக்கும் மிகப் பளிச்சென்ற ஆரஞ்சை எடுத்துச் சுவர் நிறைய அடித்துப் பாருங்கள்; கண் கூசும், ஒளி வராது. ராத்கோவின் ரகசியம் நிறத்தில் இருப்பதைவிட அதன் மெலிவில்தான் அதிகம் இருக்கிறது.

பழைய ஐரோப்பிய எண்ணெய் ஓவியர்களிடம் ஒரு வழி இருந்தது. வெளிர் அடிப்பூச்சின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய எண்ணெய்ப் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவார்கள். வெளிச்சம் பூச்சுகளைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், அடிப்பூச்சில் பட்டு, அதே வழியாகத் திரும்பி வரும். போகும்போதும் வரும்போதும் நிறம் ஏறுவதால் அந்தச் சிவப்போ பச்சையோ ஆழமாகத் தெரியும்.

ராத்கோ இதில் இரண்டு மாற்றம் செய்தார். முதலாவது, அடித்தளத்தையே நிறமாக்கிவிட்டார். பிரைமர் (வழக்கமான அடிப்பூச்சு) அடிக்காத பருத்திக் கேன்வாஸில் முயல் தோலைக் காய்ச்சிய பசையைப் பூசுவார். நம் தச்சர்களின் வஜ்ஜிரமும் இதே இனம்தான். அந்தப் பசையிலேயே நிறமிப் பொடியைக் கலந்துவிடுவார். ஆக, அடியிலிருந்து திரும்பி வரும் வெளிச்சமே நிறத்தோடுதான் வரும்.

இரண்டாவது, மேலே போகும் எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைன் விட்டு அநியாயத்துக்குக் கரைத்தார். வண்ணத்தில் நிறமித் துகளைப் பிடித்து வைத்திருப்பது எண்ணெய். அதைக் குறைத்துவிட்டால் துகள்கள் எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்காமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பரப்பு மினுங்காது, ‘மேட்’ (matte) ஆக இருக்கும். விழும் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கும். எனவே உங்கள் கண்ணுக்கு வருவது இரண்டு வகை ஒளி: மேல்பரப்பில் சிதறியது ஒன்று, ஆழத்தில் போய்த் திரும்பியது இன்னொன்று. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த மயில்கழுத்துப் பட்டுச் சேலையைப் பார்த்திருந்தால் இது சட்டென்று புரிந்துவிடும். அங்கே நிறம் நூலில் கலக்கவில்லை, கண்ணில் கலக்கிறது.

மொத்தம் எத்தனை அடுக்கு? எந்த வரிசையில்?

எல்லாப் படத்துக்கும் பொருந்தும் ஒரே எண்ணிக்கை கிடையாது. வரிசை மட்டும் தோராயமாக இப்படி இருக்கும்: நிறமி கலந்த பசை, அதன்மேல் எண்ணெய் வண்ணத்தில் இன்னொரு தளம், பிறகு செவ்வகங்கள். தளப் பூச்சு கேன்வாஸின் முகத்தோடு நிற்காமல் சட்டத்தில் மடங்கிப் போகும் பக்கவாட்டிலும் தொடரும். படத்துக்கு வெளிச்சட்டம் போட அவர் விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம். நிறம் விளிம்பைச் சுற்றிப் போகும்போது மேலே மரச்சட்டம் எதற்கு?

செவ்வகங்களுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவர் வைத்திருப்பது போன்ற அகலமான பிரஷ்தான். வேகமாக, இலேசாக, பலமுறை. ஒரு சிவப்பின் மேல் சற்றே வேறான இன்னொரு சிவப்பு. இரண்டும் அருகருகே வைத்தால்கூட வித்தியாசம் சொல்வது கடினம், ஆனால் ஒன்றின் வழியே மற்றொன்று தெரியும்போது பரப்பு அசைவது போல ஆகிவிடும். சில இடங்களில் அடர்ந்த நிறத்தின் மேல் வெளிர் நிறத்தைப் புகை மாதிரி இழுத்திருப்பார். அங்கேதான் அந்த மூட்டமான ஒளி பிறக்கிறது.

முட்டை கலந்தார் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். முழு முட்டை, டாமர் என்ற குங்கிலிய வகைப் பிசின், செயற்கைப் பிசின்கள், பசை, எண்ணெய் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஒரே படத்தில் சேர்த்திருக்கிறார். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பேணும் பிரிவினர் அங்குள்ள படங்களை ஆராய்ந்தபோது இவை வரிசையாகக் கிடைத்தன.

இது கிறுக்குத்தனம் இல்லை. எண்ணெய் காய நாள்கணக்கு ஆகும். முட்டை கலந்த பூச்சு சீக்கிரம் காயும். அடி அடுக்கு காய்ந்திருந்தால்தான் அடுத்த அடுக்கு அதோடு குழம்பிச் சேறாகாமல் தனியாக உட்காரும். அத்தோடு, முட்டையும் பிசினும் சேர்ந்த பரப்பு கொஞ்சம் மினுங்கும், டர்பன்டைனில் கரைத்தது மினுங்காது. கருப்பு மேல் கருப்பு போட்டாலும், ஒன்று ‘மேட்’ ஆகவும் மற்றொன்று பளபளப்பாகவும் இருந்தால் அங்கே ஒரு வடிவம் தெரியும். நிறத்தை மாற்றாமல் மினுக்கத்தை மட்டும் மாற்றியே வரைய முடியும் என்பதை அவர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். இதற்காகவே படங்களின் மேல் ஒட்டுமொத்தமாக வார்னிஷ் அடிக்கக் கூடாது. அடித்தால் எல்லாப் பரப்பும் ஒரே மாதிரி மினுங்கி, வித்தியாசம் செத்துப்போகும்.

இத்தனையையும் அவர் யாரிடமும் விளக்கிச் சொன்னவர் இல்லை. உதவியாளர்களின் நினைவுகளும் ஆய்வுக்கூடங்களும் பின்னால் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

செவ்வகத்தின் ஓரம் ஏன் இவ்வளவு கலங்கலாக இருக்கிறது? ஸ்கேல் வைத்து இழுத்திருந்தால்?

இழுத்திருந்தால் ஆரஞ்சுக் காகிதத்தை வெட்டி ஒட்டினது மாதிரி ஆகியிருக்கும். நமது கண் ஓரங்களைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு பொருள் எங்கே நிற்கிறது என்று முடிவு செய்கிறது. ஓரம் மங்கலாக இருந்தால், செவ்வகம் தளத்துக்கு முன்னால் மிதக்கிறதா, பின்னால் போகிறதா என்று முடிவு கட்ட முடியாது. கொஞ்ச நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மங்கிய ஓரங்கள் கண்ணுக்கு மறையவும் தொடங்கும். உடலியல் நூல்களில் இருக்கிற சங்கதி இது, மாயம் இல்லை. விழி சற்று அசைந்தவுடன் ஓரம் திரும்பி வரும். படம் சுவாசிக்கிறது என்று சொல்கிறார்களே, அதில் ஒரு பங்கு இதுதான்.

அருகில் போய் ஓரத்தைப் பாருங்கள். பிரஷ்ஷின் மயிர்த்தடம் சிறகு மாதிரிப் பிரிந்து தளத்தின் மேல் போயிருக்கும். சில இடங்களில் மேல்நிறம் தளத்தின் மேல் ஏறியிருக்கும். வேறு இடங்களில் தளத்தின் நிறத்தைப் பிறகு கொண்டுவந்து செவ்வகத்தின் மேல் ஏற்றியிருப்பார். எது முன், எது பின் என்பது விரலளவு தூரத்தில் மாறும்.

பக்கத்து நிறமும் சும்மா இருப்பதில்லை. ‘எண் 14’இல் கீழே இருக்கும் நீலத்தைக் கையால் மறைத்துப் பார்த்தால் (அச்சுப் படத்தில்தான், அருங்காட்சியகத்தில் காவலர் ஓடி வருவார்) மேலே இருக்கும் ஆரஞ்சின் சூடு குறைந்துவிடும். எதிர் நிறம் பக்கத்தில் இருக்கும்போது இரண்டுமே ஏறித் தெரியும்.

போனில் பார்த்தால் சப்பென்று இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும். ‘மேட்’ பரப்பும் மினுக்கமும், அடுக்கின் ஆழமும், ஆள் உயரத்தைத் தாண்டிய அளவும் திரையில் வராது. நிறம்கூடப் படத்துக்குப் படம் மாறும். ஒரே ஓவியத்தை இணையத்தில் தேடினால் நாலு வித ஆரஞ்சு கிடைக்கும்.

எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்க வேண்டும்?

18 அங்குலம் என்று அவரே சொன்னதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதாவது ஒன்றரை அடி. அந்தத் தூரத்தில் படத்தின் விளிம்பு உங்கள் பார்வைக்குள் வராது. நிறம் மட்டும்தான் இருக்கும். பெரிய படம் வரைவது பிரமாண்டத்துக்காக அல்ல, நெருக்கத்துக்காக என்பது அவர் கட்சி. சின்னப் படத்தை நாம் வெளியே நின்று பார்க்கிறோம், பெரிய படத்துக்குள் நாமே இருக்கிறோம் என்று வாதாடினார். படங்களைத் தரைக்கு அருகில் தாழ்வாக மாட்டச் சொல்வார். விளக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஸ்பாட்லைட் போட்டால் மெல்லிய அடுக்குகள் வெளிறிப்போகும், அவர் கேட்டது நியாயம்தான்.

வாஷிங்டனில் பிலிப்ஸ் கலெக்ஷன் என்ற அருங்காட்சியகம் 1960இல் அவர் படங்களுக்கென்றே ஒரு சின்ன அறை ஒதுக்கியது. ராத்கோ வந்து பார்த்துவிட்டு, விளக்கைக் குறைக்கவும், நடுவில் ஒரே ஒரு பெஞ்ச் மட்டும் போடவும் சொன்னார்.

பின்னாளில் கருப்பும் மெரூனுமாக வரைந்தாரே, அவற்றிலும் ஒளி உண்டா?

உண்டு, ஆனால் காத்திருக்க வேண்டும். 1958இல் நியூயார்க்கின் சீக்ராம் கட்டிடத்தில் வரவிருந்த ஃபோர் சீசன்ஸ் உணவகத்துக்கு ஓவியங்கள் செய்ய ஒப்புக்கொண்டார். மெரூன், கருஞ்சிவப்பு, கருப்பு என்று வரைந்து குவித்துவிட்டு, பணக்காரர்கள் சாப்பிடும் இடத்துக்கு இவை வேண்டாம் என்று பின்வாங்கி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவற்றில் ஒன்பதை டேட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஹூஸ்டனில் அவருடைய 14 ஓவியங்களுக்காகக் கட்டி 1971இல் திறந்த ராத்கோ சேப்பல் என்ற வழிபாட்டுக் கூடத்தில் இருள் இன்னும் அதிகம். உள்ளே நுழைந்தவுடன் எல்லாம் கருப்பாகத் தெரியும். கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் ஊதாவும் கருஞ்சிவப்பும் ஒவ்வொன்றாக மேலே வரும். ஆரஞ்சுப் படங்களைவிட இவற்றில்தான் அவருடைய கைத்திறன் கூடுதல் என்பது என் எண்ணம். வெளிச்சமான நிறத்தை ஒளிரச் செய்வது அவ்வளவு கடினம் இல்லையே.

இப்படிக் கரைத்துப் பூசினால் நிலைக்குமா?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எந்த மெலிவு ஒளி தருகிறதோ அதுவே பலவீனமும்கூட.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக 1962இல் ஆறு பெரிய ஓவியங்கள் செய்தார். அவற்றில் ஐந்தை 1964இல் ஹோலியோக் சென்டர் கட்டிடத்தின் மேல்தளச் சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். பெரிய பெரிய ஜன்னல்கள், வெயில் தாராளம். அந்தக் கருஞ்சிவப்புத் தளத்துக்கு ராத்கோ பயன்படுத்தியது லித்தால் சிவப்பு என்ற நிறமி. வெயில் பட்டால் அது வெளுத்துவிடும். கூடவே கலந்திருந்த அல்ட்ராமரைன் நீலம் வெளுக்கவில்லை. விளைவு, சில இடங்களில் கருஞ்சிவப்பு போய் வெளிர் நீலம் வந்து நின்றது. பற்றாக்குறைக்குச் சாப்பாட்டுக் கறைகளும் கிறுக்கல்களும் வேறு. 1979இல் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டார்கள்.

தடித்த, எண்ணெய் நிறைந்த பூச்சாக இருந்தால் மேலே நிறம் தொட்டுச் சரி செய்யலாம். வார்னிஷ் இல்லாத, உறிஞ்சும் தன்மையுள்ள இந்தப் பரப்பில் தூரிகை வைத்தால் திரும்ப எடுக்கவே முடியாது. எனவே ஹார்வர்டின் ஓவியப் பாதுகாப்பாளர்களும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) விஞ்ஞானிகளும் படத்தைத் தொடாமலே சரிசெய்ய ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1964இல் எடுத்த வண்ணப் பிலிம்கள் இருந்தன. அவையும் வெளுத்திருந்தன என்பது கூத்து. கணினியில் அவற்றின் நிறத்தை மீட்டார்கள். மாட்டப்படாமல் ராத்கோ குடும்பத்திடமே இருந்த ஆறாவது ஓவியம் வெளுக்காமல் இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க அது உதவியது. இப்போதைய நிறத்துக்கும் பழைய நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, குறைவதை மட்டும் ப்ரொஜெக்டர் வழியாக ஒளியாகப் படத்தின் மேல் பாய்ச்சினார்கள். 2014 நவம்பரில் அந்தக் கண்காட்சி திறந்தது. அது நடந்த நாள்களில் தினமும் மாலை 4 மணிக்கு ப்ரொஜெக்டரை அணைத்தார்கள். சிவப்பு வடிந்து உண்மையான, வெளுத்த படம் தெரியும் அந்த நிமிடத்தைப் பார்க்கவே கூட்டம் வந்ததாம்.

இது மறுசீரமைப்பா, விளக்கு வித்தையா என்ற சண்டை இன்றும் உண்டு. ஓவியத்தைத் தொடவில்லை, சுவிட்சைத் தட்டினால் பழையபடி ஆகிவிடுகிறது. அதனால் நான் இதன் பக்கம்தான்.

டேட்டில் ஒரு படத்தை யாரோ பாழாக்கினார்களாமே?

2012 அக்டோபரில், சீக்ராம் வரிசையைச் சேர்ந்த ‘மெரூன் மேல் கருப்பு’ (1958) படத்தின் ஒரு மூலையில் ஓர் ஆள் மையால் எழுதிவிட்டார். மை பரப்பில் நிற்கவில்லை. மெல்லிய அடுக்குகளைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. முட்டை, பிசின், எண்ணெய், பசை என்று ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு கரைப்பானில் கரையும் என்பதுதான் தலைவலி. மையைக் கரைப்பது பிசினைக் கரைக்கக் கூடாது. அதனால் அதே பொருள்களில் மாதிரி ஒன்றைச் செய்து, அதில் அதே மையைப் பூசி, பல கரைப்பான்களைச் சோதித்த பிறகுதான் அசலில் கை வைத்தார்கள். 18 மாதம் ஆனது. 2014 மே மாதம் படம் சுவருக்குத் திரும்பியது.

இதையெல்லாம் என் பையனே வரைவானே!

செவ்வகத்தை வரைவான். தேர்ந்த கையே இந்த அடுக்கில் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. 1950களின் ராத்கோ என்று சொல்லி 2004இல் நியூயார்க்கின் பெயர்பெற்ற கேலரி ஒன்று ஒரு படத்தை 83 லட்சம் டாலருக்கு விற்றது. வாங்கியவர்களும் நிபுணர்களும் கண்ணால் பார்த்து நம்பினார்கள். போலி என்று தெரிந்து 2016இல் நீதிமன்ற விசாரணை வந்தபோது, அடியில் வெள்ளைத் தளப்பூச்சு இருப்பதை ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். அந்தக் காலத்து ராத்கோ அப்படி வெள்ளை அடிப்பவர் அல்ல. மேலே எவ்வளவு சாமர்த்தியமாகத் தீட்டினாலும் அடித்தளம் காட்டிக்கொடுத்துவிட்டது.

வேறு யார் இப்படி வேலை செய்தார்கள்?

ஹெலன் ஃபிராங்கன்தேலர் 1952இல் ‘மலைகளும் கடலும்’ படத்தில் கரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பிரைமர் இல்லாத கேன்வாஸில் ஊற்றி ஊறவிட்டார். அடுத்த ஆண்டு அதைப் பார்த்த மோரிஸ் லூயிஸ், மேக்னா என்ற பிசின் வண்ணத்தை ஊற்றி, திரைச்சீலை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வழியவிட்டார். இவர்களிடம் நிறம் துணிக்குள் போகிறது; ராத்கோவிடம் துணிக்கு மேலே நிற்கிறது. இரண்டையும் ‘வண்ணத்தள ஓவியம்’ என்று ஒரே பெட்டியில் போடுவது சௌகரியம்தான், சரியில்லை.

இந்தியாவில் வி. எஸ். கெய்தொண்டேயைப் பாருங்கள். 1964இல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் நியூயார்க் போனவர். ரோலர், தட்டைக் கத்தி, கிழித்த செய்தித்தாள் கொண்டு வண்ணத்தைப் போட்டும் எடுத்தும் ஒளி வரவைத்தார். ராத்கோவின் நகல் என்று அவரைச் சொல்பவர்கள் படங்களைச் சரியாகப் பார்க்கவில்லை.

விலை?

‘ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள்’ (1961) 2012 மே மாதம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 8 கோடியே 69 லட்சம் டாலருக்குப் போனது. ஒளியைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்லாது.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் முட்டையையும் டர்பன்டைனையும் விட்டுவிடுங்கள். ஈரக்காற்றுள்ள ஊரில் முட்டைப் பூச்சில் பூஞ்சை பிடிக்கலாம். டர்பன்டைன் ஆவி மூடிய அறையில் தலையைச் சுற்ற வைக்கும். அக்ரிலிக் போதும். தண்ணீர் மட்டும் விட்டுக் கரைத்தால் பிடிமானம் போய்விடும், மேட் மீடியம் (வண்ணத்தோடு கலக்கும் நிறமற்ற, மினுங்காத கலவை) சேர்த்துக் கரையுங்கள். முதலில் ஒரு அடர்ந்த தளம், அது காயட்டும். அப்புறம் அதே குடும்பத்து நிறத்தில் மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. ஓரத்தில் பிரஷ்ஷைத் தூக்கும்போது அழுத்தம் கொடுக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போதே துணியால் ஒற்றினால் ஓரம் கலங்கும். இரண்டடிக் கேன்வாஸாவது எடுங்கள், ஏ4 அளவில் இது வேலைக்கு ஆகாது. கடையில் ட்யூபைத் திருப்பி, வெளிச்சம் தாங்கும் தரம் என்ன என்று பாருங்கள். ‘பிஆர் 49’ என்ற குறி இருந்தால் அது லித்தால் சிவப்பு, வாங்க வேண்டாம்.